தை, மாசியில் எதை விதைக்கலாம்? சூடான ஊர் மொட்டைமாடிக்கு எளிய காய்கறிகள்

பொங்கல் முடிந்து கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளுகிற வாரம்தான் சென்னை மாதிரி ஊர்களில் மொட்டைமாடியில் பைகளை அடுக்கச் சரியான நேரம். அந்தச் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். தை, மாசி இரண்டு மாதமும் பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி கொஞ்சம் குளிரும், விதை சுணங்காமல் முளைக்கும். ஆனால் மே 4 வாக்கில் கத்திரி வெயில் ஆரம்பித்துவிடும். அதற்குள் செடி வேர்பிடித்து, பூத்து, காய்க்கவே தொடங்கியிருக்க வேண்டும். நம் ஊர் வசந்தகாலத் தோட்டம் என்பது இந்த மூன்று மாத இடைவெளிக்குள் ஓடி முடிக்கிற வேலை.

அதனால் முதலில் எதை விதைக்கக் கூடாது என்பதைப் பேசிவிடலாம். கேரட், முட்டைக்கோஸ், காலிபிளவர், பட்டாணி எல்லாம் குளிர் கேட்பவை. விதை பாக்கெட்டில் அழகாகப் படம் போட்டிருக்கிறார்கள் என்று மாசியில் விதைத்தால் இலை வரும், காய் வராது. கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடும். தக்காளிதான் எல்லோருக்கும் ஆசை. தக்காளிப் பூவுக்குப் பகல் சூட்டைவிட ராத்திரிச் சூடு பெரிய எதிரி. ராத்திரியும் வெப்பம் இறங்காமல் புழுங்க ஆரம்பித்தால் பூ காம்போடு உதிர்ந்துவிடும், எந்த டானிக் அடித்தாலும் நிற்காது. கார்த்திகையில் நாற்று விட்டு மார்கழியில் நட்டவர்களுக்கு இப்போது காய் தொங்கிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் இந்தப் பட்டத்தில் தக்காளியை விட்டுவிட்டு, வெயிலை விரும்பிச் சாப்பிடுகிற செடிகளிடம் போவது நல்லது. வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, முளைக்கீரை, கொடிப்பசலை, கத்தரி, பீர்க்கு, புடலை, பாகல் என்று பட்டியல் ஒன்றும் சின்னது இல்லை.

பை, மண் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். வெண்டைக்கும் கத்தரிக்கும் 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பை போதும். கீரைக்கு அகலம்தான் முக்கியம், 9 அங்குல உயரமே அதிகம். கொடிக்கு மட்டும் பெரிய பையோ பாதியாக வெட்டிய டிரம்மோ வேண்டும். கறுப்பு, பச்சைப் பைகளைவிட வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள பை நல்லது. மே மாத மத்தியானம் கறுப்புப் பையின் ஓரத்து மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும், வேர் அங்கே வெந்துபோகும். 15 அங்குலப் பை ஒன்று மண் நிரப்பி நனைத்த பிறகு சுமார் 30 கிலோ வரும், அதனால் கூரையின் நடுவில் குவிக்காமல் உத்தரம் போகிற வழியிலும் சுவரோரமாகவும் வரிசை கட்டுங்கள். ஒவ்வொரு பைக்கும் கீழே இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் வடிந்து போகும், தளத்தின் சூடும் நேராகப் பையில் ஏறாது.

கலவைக்கு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. இதோடு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அவ்வளவுதான். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்க வேண்டும். ஊறவைத்த தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது போய் ஓரளவு தெளிகிற வரைக்கும் அலசினால் சரி. கலவையை நிரப்பி, பையின் மேல்பக்கம் 2 அங்குலம் காலியாக விட்டு, தண்ணீர் தெளித்து ஒரு வாரம் சும்மா விடுங்கள். சாணம் சரியாக மக்காமல் இருந்தால் அந்த ஒரு வாரத்தில் சூடு கிளம்புவது தெரிந்துவிடும். அந்தச் சூட்டில் விதை போட்டால் முளை கருகும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பை, நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்த்து மாடித்தோட்டத் தொகுப்பு தருவதுண்டு. உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஆரம்பிக்கிறவர்களுக்கு அது தாராளம்.

விதை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் தேதியைப் பாருங்கள். நாட்டு விதை கிடைத்தால் அதுவே போதும், அடுத்த பட்டத்துக்கு நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ரோஸ், நீலம் என்று சாயம் பூசினாற்போல வருகிற விதைகளில் பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள். அவற்றை ஊறவைக்க வேண்டாம், தொட்ட கையோடு சாப்பாட்டுப் பக்கமும் போக வேண்டாம்.

வெண்டையில் ஆரம்பியுங்கள். முதல் முறை விதைக்கிறவர்களுக்கு இதைவிடத் தைரியம் தருகிற செடி இல்லை. ராத்திரி ஊறவைத்த விதையைக் காலையில் ஒரு அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டாகப் போட்டால் 4 முதல் 7 நாளில் முளைத்துவிடும். நாலு இலை வந்ததும் குழியில் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். 15 அங்குலப் பையில் இரண்டு செடி, அதற்கு மேல் பேராசை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 10 செடியாவது இருந்தால்தான் ஒரு வேளைப் பொரியலுக்கு ஒன்றாகத் தேறும், இரண்டு செடி வைத்தால் நாளுக்கு ஒரு காயைக் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 40 நாள் வாக்கில் பூ வரும். காலையில் விரிந்த மஞ்சள் பூ மத்தியானம் சுருங்கிவிடும், அதிலிருந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதம். நுனியை ஒடித்தால் டப்பென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறியுங்கள். ஒரே ஒரு காயை முற்ற விட்டாலும் செடி தன் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பூவைக் குறைத்துவிடும். வெளியூர் போவதாக இருந்தால் விரல் நீளப் பிஞ்சையும் பறித்துவிட்டுப் போவதுதான் நியாயம்.

வெண்டைக்கு ஒரே பெரிய சிக்கல் மஞ்சள் நரம்புத் தேமல். இலை நரம்பெல்லாம் வலை பின்னினாற்போல மஞ்சளாகும், அப்புறம் இலை முழுக்க, கடைசியில் காயும் வெளுத்துப்போகும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, தயவு தாட்சண்யம் பார்க்காமல் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அர்கா அனாமிகா மாதிரி ரகங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். காசு செலவில்லாத காரியம், விதை முளைத்த வாரமே கட்டிவிடுங்கள்.

கொத்தவரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. நேராக விதைக்கலாம், ஊற வேண்டாம், வெயிலில் நின்றுகொண்டே காய்க்கும். தண்ணீர் கூடினால்தான் வேர் அழுகும். உரமும் அளவாகப் போதும், அதிகம் போட்டால் இலைதான் தழையும். 50 நாளில் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு வரும், நார் வைப்பதற்குள் பறிக்க வேண்டும். காராமணியும் இதே ஜாதிதான், ஆனால் கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பாக அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி மொய்க்கும். பார்த்த உடனே தண்ணீர்க் குழாயை வேகமாகப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

கீரையைப் பத்து நாளைக்கு ஒரு பை என்று மாற்றி மாற்றி விதையுங்கள். எல்லாப் பையிலும் ஒரே நாளில் தூவினால் ஒரு வாரம் முழுக்கக் கீரைக் கூட்டு, அடுத்த மூன்று வாரம் ஒன்றும் இல்லை. விதை பொடிசாக இருப்பதால் ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவினால் பரவலாக விழும். மேலே மெல்லிசாக மண்புழு உரத்தைச் சலித்துத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்கவும். குழாயைத் திறந்துவிட்டால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். இதைவிடப் பெரிய திருடன் எறும்பு. தூவிய அன்றைக்கே சாரை சாரையாக வந்து விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பையைச் சுற்றித் தரையில் மஞ்சள்தூள் போட்டு, சற்றுத் தள்ளி ஒரு கைப்பிடி ரவையை வைத்துவிட்டால் எறும்பு அந்த ரவையோடு திருப்தியாகிவிடும், மூன்று நாள் தள்ளினால் விதை முளைத்துவிடும்.

முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்குகிறவை. அரைக்கீரையை அடியில் 2 அங்குலம் விட்டு வெட்டினால் திரும்பத் திரும்பத் தழையும். வெந்தயக் கீரைக்கு அஞ்சறைப்பெட்டி வெந்தயமே விதை. பொன்னாங்கண்ணி, புதினா இரண்டுக்கும் விதை வாங்கவே வேண்டாம், சந்தையில் வாங்கிய கட்டிலேயே முற்றிய தண்டாக நாலைக் கிள்ளி ஈரமண்ணில் செருகினால் போதும். கொடிப்பசலை ஒன்று கைப்பிடிக் கம்பியில் ஏறட்டும், கத்திரி வெயிலிலும் பச்சையாக நிற்பது அதுதான். கீரைப் பைகளுக்கும் புதினாவுக்கும் மிளகாய் நாற்றுக்கும் பங்குனி பிறந்ததும் பாதி வெயிலைத் தடுக்கிற 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். வெண்டை, கொத்தவரை, கொடிகள் மேல் கட்டாதீர்கள், அவற்றுக்கு முழு வெயில் வேண்டும்.

கத்தரி, மிளகாய் இரண்டையும் நாற்று விட்டுத்தான் நட வேண்டும். தை முதல் வாரத்திலேயே குழித்தட்டில் விதைத்தால் கத்தரி நாற்று 30 நாளிலும் மிளகாய் நாற்று 40 நாளிலும் நடவுக்கு வந்துவிடும். அதற்கு நேரமில்லை என்றால் நர்சரியில் நாற்றாகவே வாங்கலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் பூத்துக் காய்த்த நாற்றை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், சின்ன தொட்டியில் வேர் சுருண்டு கிடக்கும். ஒரு சாண் உயர நாற்று, சாயங்காலம் நட்டு, இரண்டு நாள் நிழல் காட்டினால் பிழைத்துக்கொள்ளும். கத்தரியில் நுனிக் கொழுந்து மட்டும் திடீரென்று வாடித் தலை தொங்கினால் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்து மேலும் ஊற்றாதீர்கள், தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்பில் புழு தெரியும். அந்தக் கொழுந்தை அங்கேயே நசுக்கிப் போடுங்கள், விட்டால் அடுத்தது காய்க்குள் போகும்.

இனி கொடிகள். கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு இதுதான் சுவாரசியமான பகுதி. பீர்க்கு, புடலை, பாகல் விதைகளுக்கு ஓடு கெட்டி. ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்து, வெள்ளையாக முளை எட்டிப்பார்த்ததும் விதைத்தால் ஒன்றுகூட வீணாகாது. பெரிய பைக்கு இரண்டு கொடி. பந்தல் என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம், இரண்டு பக்கம் கம்பி நட்டு நைலான் கொடிவலை இழுத்துக் கட்டினால் போதும், காற்றுக்கு விழாமல் இறுக்கிக் கட்டுங்கள். தரையிலிருந்து வருகிற பக்கக்கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒரே தண்டாக மேலே ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். அப்போதுதான் கிளை பிரியும், பெண்பூ அதிகமாக வருவது அந்தக் கிளைகளில்தான்.

முதல் பத்துப் பதினைந்து நாள் பூவாகப் பூத்துக் கொட்டும், ஒரு காயும் பிடிக்காது. பயந்துபோய் உரம் போட வேண்டாம். முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். பெண்பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவுக்குக் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். அந்தக் குட்டிக்காய் இரண்டு மூன்று நாளில் பெருக்காமல் மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். நாலாவது மாடிக்குத் தேனீ வருவது கஷ்டம், அந்தி நேரத்தில் வருகிற பூச்சிகள் இன்னும் குறைவு. அப்போது நாம்தான் செய்ய வேண்டும். பாகலும் வெள்ளரியும் பூசணியும் காலையில் விரியும். பீர்க்கும் புடலையும் சுரையும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் விரியும். அந்தந்த நேரத்துக்குப் போய், புதிதாக விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடியாக இருக்கிற பகுதியைப் பெண்பூவின் நடுவே மெல்ல ஒற்றுங்கள். புடலைப் பூவின் இதழ் வெள்ளை நூலாகப் பிரிந்திருக்கும், உரிக்கக்கூட வேண்டாம், நேராக ஒற்றலாம். ஒரு ஆண்பூவை வைத்து இரண்டு மூன்று பெண்பூவுக்கு ஒற்றிவிடலாம். காலையில் பீர்க்கைத் தேடிப் போய்ப் பூச்சுருங்கிவிட்டதே என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். நேரம் தப்பினால் அந்த வேலை பயன்படாது.

நீளப் புடலை பிஞ்சிலேயே சுருள ஆரம்பித்தால் நுனியில் சின்ன கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுகிற பழைய வழக்கம் இன்றைக்கும் வேலை செய்கிறது. கல் கனமாக இருந்தால் காம்பு அறுந்துவிடும், நெல்லிக்காய் அளவுக் கல் போதும். பாகல், பீர்க்குப் பிஞ்சில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளியும் அதில் பிசின் மாதிரி ஒரு துளியும் தெரிந்தால் பழ ஈ முட்டை வைத்துவிட்டது. அந்தக் காயைப் பறித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள், குப்பைமேட்டில் வீசினால் புழு மண்ணுக்குள் போய்த் திரும்ப ஈயாக வரும். மற்றப் பிஞ்சுகளுக்குச் செய்தித்தாளைக் குழலாகச் சுற்றி உறை மாட்டலாம், கொடிக்காய்களுக்கான கியூ லூர் பொறி ஒன்று கட்டினால் ஆண் ஈக்கள் அதில் விழும். மாமரத்துக்கு விற்கிற பொறி வேறு, அது இதற்கு உதவாது, கேட்டு வாங்குங்கள்.

தண்ணீருக்குக் கணக்கு கிடையாது, விரல்தான் கணக்கு. ஆள்காட்டி விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். தையில் ஒருவேளை போதும், பங்குனி பாதியில் காலையும் மாலையும் தேவைப்படும். மத்தியானம் வெண்டை இலை துவண்டு நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் தாகம் இல்லை. வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீர் கொதிக்கும், அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள். பை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அது போர்த் தண்ணீர் உப்பு. வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அடியில் வழிகிற வரைக்கும் ஊற்றி உப்பை இறக்கிவிட வேண்டும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு, எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசி தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். இப்போது அந்தக் கரும்புச் சக்கை: காயவைத்து நறுக்கி, தண்டை ஒட்டாமல் மண் மேல் 2 அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். எறும்பு வருகிறதே என்றால் இனிப்புப் போகிற மாதிரி ஒருநாள் ஊறவைத்து அலசிவிட்டுப் போடலாம். சக்கை இல்லாதவர்களுக்கு வேப்பஞ்சருகு, தென்னை நார் எதுவானாலும் சரி.

உரத்துக்குப் பத்து பாட்டில் வாங்கி அடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 15 நாளைக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இடையில் ஒரு தடவை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிப்பது, இது போதும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவது நன்றாகக் கேட்கும், ஆனால் நாற்றம் மாடி விட்டு மாடி போகும், பக்கத்து வீட்டு மாமியோடு நல்லுறவு வேண்டுமென்றால் மூடி போட்டு வையுங்கள். பூச்சிக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கரைத்து, சாயங்காலம், இலையின் அடிப்பக்கமாகத் தெளிக்கவும். சோப்பு இல்லாமல் எண்ணெய் தனியாக மிதக்கும். மத்தியான வெயிலில் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும்.

கத்திரி வெயில் முடிகிற நேரத்தில் வெண்டை உயரமாகப் போய்க் காய் சிறுக்கும், கொத்தவரை ஓய்ந்திருக்கும். கத்தரியை மட்டும் பிடுங்காமல் பாதி உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்து உரம் வைத்தால் மறுதழைவு வரும். மற்றதைப் பிடுங்கும்போது வேரைத் திருப்பிப் பாருங்கள். வேரில் சின்ன சின்ன முடிச்சாக வீங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் இருக்கிறது. அந்தப் பை மண்ணில் அடுத்து வெண்டையோ கத்தரியோ தக்காளியோ வைக்க வேண்டாம், ஒரு பட்டம் செண்டுமல்லி போடுங்கள், அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும், பூஜைக்கும் பூ ஆகும். முடிச்சு இல்லாத மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, பழைய வேரைப் பொறுக்கி, நாலு நாள் வெயிலில் காயவிட்டு, பாதிக்குப் பாதி புதிய தொழு உரம் கலந்து நிழலில் மூடி வையுங்கள். ஆடி பிறப்பதற்குள் பதமாகியிருக்கும், தக்காளி ஆசையை அதில் வைத்துக்கொள்ளலாம்.